பக்கவாதம் வந்த சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாடும் இன்சுலினும்

ஊசியைப் போட்டபின் "விழுங்க முடியல, போதும்" என்று நாலு வாயோடு நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை தாழ்வது பெரும்பாலும் இப்படித்தான். சாப்பிடும் அளவு நிலையாக இல்லையென்றால், உணவு நேர ஊசியைச் சாப்பிட்டு முடித்தபின் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊட்டும்போது நேராக உட்கார வைத்து, முகவாய் சற்றுக் கீழே இருக்கும்படி, அரை டீஸ்பூன் அளவாகக் கொடுங்கள். ஒரு வாய் இறங்கியபின்தான் அடுத்தது. செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கி நிற்கும். விரலில் துணி சுற்றி வழித்தெடுங்கள். பிறகு 30 நிமிடமாவது படுக்க விடாதீர்கள். புரையேற வைப்பது பெரும்பாலும் கெட்டியான கஞ்சி இல்லை, தண்ணீர்தான்.

வியர்வை, நடுக்கம், திடீர்க் குழறல் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலவே தெரியும். 70-க்குக் கீழே இருந்தால், நினைவோடு விழுங்குபவருக்கு ஒரு மேசைக்கரண்டி தேனைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், புரையேறும். மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்து அதன் வழியே விடலாம். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் குழறினால், அதற்கும் 108தான், காத்திருக்க நேரமில்லை.

உணர்விழந்த காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.