ரோமில் மழையே பெய்யவில்லையா?

சினிமாவிலும் வீடியோ கேமிலும் பழைய ரோமோ கிரேக்கமோ வந்தால் நீல வானம், சுள்ளென்ற வெயில், வெள்ளைப் பளிங்கு. கதை இடைக்கால ஐரோப்பாவுக்கு நகர்ந்ததும் சேறும் மூட்டமும். ரோமப் பேரரசு விழுந்த அன்றே சூரியனும் அணைந்துவிட்டது போல! பழங்காலக் கதைக்குப் படம் வரைபவர்களும் கேம் வடிவமைப்பவர்களும் இதை யோசிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வெயிலை வரலாறு என்று நம்புவதுதான் முதல் தவறு. பாதிக்கு மேல் அது படப்பிடிப்பு வசதி. 1963-இல் வெளிவந்த 'கிளியோபாட்ரா'வுக்கு 1960-இல் லண்டன் பக்கத்தில் பைன்வுட் ஸ்டூடியோவில்தான் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகர செட் போட்டார்கள். மழையும் குளிரும் செட்டைப் பாழாக்கின. நாயகி எலிசபெத் டெய்லரும் படுத்துவிட்டார். கடைசியில் ரோமில் உள்ள சினெசிட்டா ஸ்டூடியோவுக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். கேமில் காரணம் வேறு: தூரத்துக் கோயிலும் மலையும் பளிச்சென்று தெரிந்தால்தான் ஆடுபவருக்கு எங்கே போவது என்று புரியும்.

சரி, உண்மையில் ரோமில் எவ்வளவு மழை? ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. லண்டனில் சுமார் 600 தான். வித்தியாசம் என்னவென்றால், ரோமில் பெரும்பகுதி இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கொட்டித் தீர்த்துவிடும். ஜூலையில் அநேகமாக ஒன்றும் இருக்காது. சுற்றுலாப் புகைப்படங்கள் எல்லாம் அந்த ஜூலையில் எடுத்தவை.

கட்டடத்தை வரைந்துவிட்டு மழையை விட்டுவிட்டால், அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதே போய்விடும். ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் குவிமாட உச்சியில் திறந்த வட்டத் துளை இருக்கிறது. மழை நேராக உள்ளே விழும். தரையில் சிறு துளைகள் அதை வடித்துவிடும். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயியின் வசதியான வீடுகளில் நம் பக்கத்து முற்றம் மாதிரியே கூரையில் திறப்பு, கீழே மழைநீர்த் தொட்டி. தெருவில் தண்ணீரிலும் சாக்கடையிலும் கால் வைக்காமல் கடக்க உயரமான கற்கள். வண்டிச் சக்கரம் போக நடுவே இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களைக் காய்ந்த தெருவில் வரைந்தால் வெறும் அலங்காரம்.

பேரரசு முழுவதையும் இத்தாலியாக நினைப்பதும் தவறுதான். வட இங்கிலாந்தில் ரோமர்களின் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த, சுமார் 1,900 ஆண்டுப் பழைய மரப்பலகைக் கடிதம் ஒன்றில், அங்கிருந்தவருக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதாக எழுதியிருக்கிறது. காலுறை இல்லாமல் செருப்போடு நிற்கும் சினிமா வீரன் அங்கே விறைத்துப் போயிருப்பான்.

இதற்காக எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடவும் வேண்டாம். ரோமின் கொலோசியம் அரங்கில் வெயிலுக்குத் துணிப்பந்தல் இழுத்துக் கட்டியவர்கள் அவர்கள். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் வெளிச்சம். நவம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிடும். ஜனவரித் துறைமுகத்தை வரைகிறீர்கள் என்றால் கடலில் பாய்மரங்களைக் குறைத்து, கப்பல்களைக் கரையில் கட்டிப் போடுங்கள்.