மூன்று டம்ளர் சோதனை

"மச்சான், சர்க்கரை இல்லாத கோலாவை வாயில் வைத்த நொடியே சொல்லிவிடுவேன்." என் தங்கை கணவரின் நெடுநாள் சவால் இது. எனக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அந்தக் கோலாதான் இருக்கும். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திய எனக்கு, சோதிக்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

முதல் முறை தோற்றது நான். கண்ணைக் கட்டிவிட்டு ஆறு சுற்று வைத்தேன். ஆறையும் சரியாகச் சொன்னார். காரணத்தைத் தங்கைதான் கண்டுபிடித்தாள். ஊற்றும்போது டம்ளரின் வெளியே வழிந்த துளி காய்ந்து, சர்க்கரை உள்ளது மட்டும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளை கட்டைவிரலால் ருசி பார்த்திருக்கிறார்! அதற்குப் பிறகு திருத்தித் திருத்தி வந்து சேர்ந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

பாட்டில் வாங்குவதிலேயே கவனம் வேண்டும். 1982இல் வந்த டயட் கோக், வழக்கமான கோக்கிலிருந்து சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டுச் செய்ததல்ல. அதன் வாசனைக் கலவையே வேறு. வழக்கமான கோக்கின் ருசியைப் பிடிக்க வேண்டும் என்று 2005இல் கொண்டுவந்தது ஜீரோ வகை. இனிப்பை மட்டும் ஒப்பிட வேண்டுமானால் ஜீரோவையும் வழக்கமானதையும் வாங்குங்கள். அரை லிட்டருக்குக் குறையாமல் ஒவ்வொன்று போதும். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பு எது என்பதை லேபிளிலுள்ள எண் சொல்லும்: 951 என்றிருந்தால் அஸ்பார்டேம், 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 955 சுக்ரலோஸ். தயாரித்த தேதியையும் பாருங்கள். அஸ்பார்டேம் நாள்பட்டாலும் வெயிலில் கிடந்தாலும் சிதைந்து இனிப்புக் குறையும். பழைய பாட்டிலை வைத்து நடத்தினால் சோதிப்பது கடைக்காரரின் கிடங்கைத்தான்.

இரண்டையும் முதல் நாள் இரவே ஒரே தட்டில் குளிர வைத்து, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். முன்பே திறந்த பாட்டிலில் காற்று இறங்கியிருக்கும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

டம்ளர்கள் ஒரே அளவில் இருக்கட்டும், எவர்சில்வர் நல்லது. காகிதக் கோப்பையின் வாடை எனக்கு ஆகாது. மொத்தம் ஆறு சுற்று, சுற்றுக்கு மூன்று டம்ளர். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் மற்றது, ஒவ்வொன்றிலும் 40 மில்லி. ஒன்றுபோல இரண்டு, வேறாக ஒன்று என்றால் வரிசை ஆறு விதமாகத்தான் அமையும். லூடோ பகடைக்கும் ஆறு முகம். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் கொடுத்து, உருட்டி விழுவதை வையுங்கள். நம் மனதுக்குத் தோன்றியபடி வைத்தால் மாப்பிள்ளைமார்கள் நம் மனதைப் படித்துவிடுவார்கள்.

ஊற்றுகிறவர் சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது. நுரை அடங்கியதும் டம்ளரின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எது எது என்று தெரியாத இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். குடிப்பவர் கண் கட்டியிருக்க, கொண்டுவந்தவரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவை மட்டும் அவர் வாயில் வைக்கட்டும். கேள்வி ஒன்றே ஒன்று: "மூன்றில் எது வேறு?" எது சர்க்கரை என்றோ எது பிடித்தது என்றோ கேட்காதீர்கள். அது வேறு விவகாரம்.

இனி நாக்கைப் பழக்க வேண்டும். பலரும் "எது அதிக இனிப்பு" என்று தேடித்தான் ஏமாறுகிறார்கள். தயாரிப்பவர்கள் அந்த அளவைச் சரியாகவே பொருத்திவிடுகிறார்கள். வித்தியாசம் தெரிவது இனிப்பு வந்துபோகும் நேரத்தில். சர்க்கரை சட்டென்று ஏறி, விழுங்கியதும் இறங்கிவிடும். அஸ்பார்டேம் சற்றுத் தாமதமாக வந்து, போக மனமில்லாத விருந்தாளிபோல உட்கார்ந்திருக்கும். அசிசல்ஃபேம் சீக்கிரம் வரும், ஆனால் கசப்பு உணரும் ஏற்பிகளையும் தட்டி எழுப்பும். ஒன்றின் குறையை மற்றது மூடத்தான் இரண்டையும் கலக்கிறார்கள். அதனால் ஒரு மிடறு வாயில் மூன்று எண்ணும் வரை வைத்திருந்து, துப்பிவிட்டு, மெதுவாக இருபது எண்ணுங்கள். அந்த இருபதில்தான் விடை இருக்கிறது. டம்ளருக்கு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்து, இரண்டு வாய் பொரி மெல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் கட்டாயம் துப்ப வேண்டும். என் பாட்டிலின் லேபிளில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்றிருந்தது.

(ருசி பார்த்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்புவேன் என்று மாணவர்களை மிரட்டியவன் நான். ஆனால் 1879இல் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் கை கழுவாமல் சாப்பிட்டுச் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைக் கண்டுபிடித்தார். 1965இல் ஷ்லாட்டர் என்ற இன்னொரு வேதியியலாளர் காகிதம் எடுக்க விரலை நக்கியதில் அஸ்பார்டேமின் இனிப்பு தெரிந்தது. இந்தக் கதைகளை வகுப்பில் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.)

கணக்கு எளிது. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் சராசரியாக ஆறில் இரண்டு சரியாகும். நான்கோ அதற்கு மேலோ வெறும் அதிர்ஷ்டத்தில் வர பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே நான்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தோ ஆறோ அப்படி வருவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஐந்து எடுத்தவருக்குக் கை கொடுக்கலாம்.

மாப்பிள்ளை எடுத்தது மூன்று. நான் ஐந்து, இரண்டு வருடமாக ஜீரோவிலேயே பழகிய நாக்குக்குச் சர்க்கரைக் கோலாதான் அந்நியமாகத் தெரிந்தது. "குளிரில் நாக்கு மரத்துவிட்டது" என்றார் அவர். சாக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் குளிர் இனிப்பைக் குறைத்துக் காட்டும் என்பது உண்மைதான். பாட்டில்களை இறுக மூடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மறுபடி நடத்தினோம். ஐந்து எடுத்தார். ஆக, அவருடைய சவாலுக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: பானம் குளிர்ந்திருக்கக் கூடாது.

கடைசிச் சோதனைக்கு நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வையுங்கள். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பிகளை அடைத்துவிடும். சர்க்கரை, அஸ்பார்டேம் எதுவானாலும் அரை மணி நேரத்துக்காவது இனிக்காது. ஒரு சிட்டிகையை ஒரு நிமிடம் நாக்கில் வைத்துத் துப்பிக் கொப்பளித்தால் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் விழுங்கிவிடாதீர்கள்.

இரண்டும் புளித்த சோடாவாகிவிட்டன. ஆறில் மாப்பிள்ளைக்கு இரண்டு, எனக்கு ஒன்று. எனக்கு இதில்தான் ஆச்சரியம். முந்தைய சுற்றுகளில் "சர்க்கரை உள்ளது வாயில் கெட்டியாக இருக்கிறது" என்று நோட்டில் நான்கு முறை எழுதியிருந்தேன். இனிப்பு போனதும் அந்தக் கெட்டியையும் காணோம்.

இந்தச் சோதனையைப் பலகாரத் தட்டு வருவதற்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள். மாப்பிள்ளை அதிரசம் ஒன்றைக் கடித்துவிட்டு, "இந்த வருடம் வெல்லம் போடவில்லையா?" என்று கேட்டுவிட்டார். சிறுகுறிஞ்சான் என்று நான் விளக்குவதற்குள் தங்கை தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.