நாய் வளர்க்கும் வளவில் நாம் விடும் பிழைகள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் வளவெல்லாம் நத்தைதான். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் மதிலிலும் வாழை மட்டையிலும் ஆபிரிக்க நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரே இரவில் வெண்டிக் கன்றுகள் மொட்டையாகிவிடும். கடையில் நத்தை மருந்து ஒரு பைக்கற் வாங்கி, கன்றடியில் சிரட்டை கவிழ்த்து அதற்குள் குவித்து வைத்தால் சரி என்று நானும் நினைத்தேன். அன்று பின்னேரம் எங்கள் ஜிம்மி கிணற்றடியில் நாலு காலும் விறைத்து, தாடை கடகடவென்று அடித்துக்கொள்ள, வாயிலிருந்து வீணி கயிறு மாதிரி வடிய விழுந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தேன்.

அதில் இருந்த பெயர் மெட்டல்டிஹைட். நத்தை தேடி வந்து தின்ன வேண்டும் என்பதற்காக இதைத் தவிடு போன்ற தீனியோடு சேர்த்துக் குறுணையாக்குகிறார்கள், அந்த மணத்துக்கு நாயும் வரும். தின்று அரை மணியிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் நடுக்கம், தள்ளாட்டம், மறுகா வலிப்பு. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38, 39 பாகை செல்சியஸ். இந்த நடுக்கத்தில் அது 41ஐயும் தாண்டிப் போகலாம். இதற்கென்று முறிமருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, சூட்டைத் தணித்து, சேலைன் ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஜிம்மிக்கு இரவு முழுக்க அதுதான் நடந்தது, விடியும்போது தலையைத் தூக்கிப் பார்த்தது.

சிரட்டைக்குள் குவித்து வைத்ததுதான் நான் விட்ட பெரிய பிழை. சிதறிக் கிடக்கும் குறுணையை நாய் ஒன்றிரண்டாகத்தான் நக்கும், குவியலாக இருந்தால் ஒரே வாயில் போய்விடும். இப்போது நான் அந்த மருந்தை வாங்குவதே இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் அடித்து, கையில் ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு (வெறுங்கையால் தொடாதீர்கள், அந்த நத்தையில் மனிதரின் மூளைக்குப் போகும் புழு இருக்கலாம்) பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுகிறேன். ஒரு கிழமை விடாமல் செய்தால் நன்றாகவே குறைகிறது. வாளியை மட்டும் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த பிழை, சேதனப் பசளை என்றால் பயமில்லை என்று நினைப்பது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது நிறையப் பேர் எலும்புத்தூள், புண்ணாக்கு, மீன் கழிவு என்று மாறினோம், பிறகும் அந்தப் பழக்கம் பல வளவுகளில் நிலைத்துவிட்டது. மண்ணுக்கு நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எலும்புத்தூள் நாய்க்குச் சாப்பாடு மாதிரி மணக்கும். கிண்டி நிறையத் தின்றால் வயிற்றுக்குள் சீமெந்து போல இறுகி அடைத்துவிடும். ஆமணக்கம் புண்ணாக்கு அதைவிட மோசம். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு சரியாகச் சூடாக்காத புண்ணாக்கில் தங்கிவிடும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது, பல மணித்தியாலம் கழித்து, சிலவேளை அடுத்த நாள்தான், வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும். இரண்டையும் கலந்து தென்னைக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். நாய் உள்ள வளவில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேப்பம் புண்ணாக்குக்கு மாறுங்கள், அல்லது ஆழமாகத் தாட்டு மேலே முள்ளுக் கொப்பு போடுங்கள்.

கூட்டெருக் குழியையும் மூடித்தான் வைக்க வேண்டும். பழைய பாண், புளித்த சோறு, கெட்டுப்போன சீஸ் ஆகியவற்றில் பிடிக்கும் சில பூஞ்சணங்களின் நஞ்சு நாயை உடம்பெல்லாம் உதற வைக்கும், பார்க்க நத்தை மருந்து தின்றது போலவே இருக்கும்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் மருந்தடிக்கிற நாளில் நாயைக் கட்டிப்போடுகிறோம், ஆனால் அதன் தண்ணீர்ச் சட்டியை எடுக்க மறந்துவிடுகிறோம். கலக்கிய வாளியில் மிஞ்சிய அடித்தண்ணீரும் அப்படியே கிணற்றடியில் கிடக்கும். ஓர்கனோபொஸ்பேட் வகைக் கிருமிநாசினி என்றால் வீணி வடிதல், கண்ணீர், கழிச்சல், தசைத் துடிப்பு எல்லாம் வரும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும். இதற்கு அத்ரோபின் ஊசி இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போக வேண்டும். மருந்து மயிரில் பட்டிருந்தால் கையுறை போட்டுச் சவர்க்காரத்தால் கழுவுங்கள், விட்டால் நக்கிவிடும். மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை நாய்க்காக மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் விட வேண்டும். படுவான்கரைப் பக்கம் வயல் செய்த வீடுகளில் கொட்டிலின் மூலையில் பழைய போத்தல்கள் கிடந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய பூச்சி மருந்துகளான மொனோகுரோட்டோபொஸ்ஸை இலங்கையில் 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் நிறுத்தியதே, அவை மனிதரையே அவ்வளவு பேரைக் கொன்றதால்தான்.

நாய் எதையாவது தின்றுவிட்டால் வீட்டில் முதலில் வரும் யோசனை உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது. வேண்டாம். அந்த உப்பே இரத்தத்தில் ஏறி வலிப்பு வரும், நடுங்கிக்கொண்டிருக்கும் நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பால் நஞ்சை முறிக்காது, அடுப்புக் கரியும் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கரியும் ஒன்றல்ல. பைக்கற்றையோ போத்தலையோ, அதுவும் இல்லாவிட்டால் லேபிளின் போட்டோவையோ கையில் எடுத்துக்கொண்டு நேரே மிருக வைத்தியரிடம் போங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருங்கள்.

எலி மருந்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் ஓடி விளையாடும், தப்பிவிட்டது என்று விட்டுவிடுவோம், பிறகு பல் முரசு வெளிறி மூச்சு வாங்கும். முதல் நாளே காட்டினால் விற்றமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், சில கிழமைகள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். வயல் எலிக்குச் சோற்றில் பிசைந்து வைக்கும் கறுப்புத் தூள், சிங்க் பொஸ்பைட், வேறு விதம். அது வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பொஸ்பீன் வாயுவாக மாறும். சாப்பாடு கொடுத்தால் அமிலம் இன்னும் சுரக்கும், அதனால் ஒரு கவளம் சோறுகூட வைக்கக் கூடாது. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருப்பவரையும் தாக்கும். ஆகவே ஓட்டோவில் கொண்டுபோகும்போது மழை பெய்தாலும் பக்கத் திரையை இறக்காதீர்கள், நனைந்தாலும் பரவாயில்லை.