நாரி நோவா? ஒருக்கா பின்தொடையப் பாருங்க

எண்ணெய் பூசி, பிளாஸ்டர் ஒட்டி ஒண்டும் சரிவரல்லையெண்டா பின்தொடையில இறுக்கம் இருக்கா பாருங்க. அங்க இருக்கிற மூணு தசையும் நாம குந்துற குண்டி எலும்புல தொடங்கி முழங்காலுக்குக் கீழ போய்ப் பிடிக்குது, அது இறுகினா குனியக்குள்ள இடுப்பெலும்பு முன்னுக்குச் சரிய ஏலாது, அந்தப் பங்கையும் சேத்து நாரிதான் வளையணும். மருதமுனையில தறியில இருக்கிறவங்க, கொழும்பு பஸ் ஓட்டுறவங்க, ஒபீஸ் கதிரைய விட்டு எழும்பாத நம்மட ஆக்கள், கனபேருக்கு இது இருக்கு. (எல்லா நாரி நோவும் இதால வாறதில்ல, சரியா.)

முதல்ல செக் பண்ணுவம். பாயில மல்லாக்கப் படுத்து, ஒரு கால நீட்டி வெச்சிட்டு மத்தக் கால மடிக்காமத் தூக்குங்க. பாதியிலயே தொடைக்குப் பின்னால இழுத்துப் பிடிச்சா இறுக்கம்தான். ஆனா கரண்ட் அடிச்ச மாதிரி முழங்காலத் தாண்டி பாதம் வரைக்கும் ஓடினா, விறைச்சா, அது நரம்பு, இழுக்கிறத விட்டுட்டு டொக்டர்ட்டக் காட்டுங்க.

இப்ப பழைய சாரம் ஒண்ட நீட்டுக்கு மடிச்சு பாதத்துல போட்டு, முனைய ரெண்டு கையாலயும் பிடிச்சு கால மெதுவா மேல இழுங்க. முழங்கால் கொஞ்சம் மடிஞ்சா பரவால்ல, குண்டி மட்டும் பாயவிட்டுக் கிளம்பக்கூடா. இழுபடுது, ஆனா நோகல்ல எண்ட இடத்துல நிப்பாட்டி 30 செக்கன், மூச்ச அடக்க வேணாம், குலுக்கவும் வேணாம். ஒரு காலுக்கு ரெண்டு மூணு தரம், ஒவ்வொரு நாளும், ஒரு மாசமாவது விடாமச் செய்யணும். ஸ்கூல் பீடி பாடத்துல பழக்கின மாதிரி நிண்டு குனிஞ்சு கால் விரலத் தொடுறது இப்போதைக்கு வேணவே வேணாம், இறுகின காலோட அதச் செஞ்சா வளையிறது நாரிதான்.

பிறகு முழங்கால் ரெண்டையும் மடிச்சுப் படுத்து குண்டிய இறுக்கித் தூக்குங்க, 5 செக்கன் பிடிச்சு இறக்குங்க, 10 தரம் போதும்.

வயலுக்க களை புடுங்கினாலும் சரி வாசல் கூட்டினாலும் சரி, முழங்கால லேசா மடிச்சு குண்டியப் பின்னுக்குத் தள்ளிக் குனியப் பழகுங்க, விளக்குமாத்துக்கு நீட்டுக் கம்பு ஒண்டு போட்டா இன்னும் நல்லம். கதிரையில இருக்கிறவங்க அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நாலு எட்டு நடங்க.

விழுந்த பிறகு வந்த நோவு, காய்ச்சலோட வாற நோவு, தொடையிடுக்கு மரக்கிறது, சலம் கட்டுப்படாமப் போறது, இதுல ஒண்டு இருந்தாலும் எக்சசைஸ் வேணாம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.