கடலூரிலிருந்து பனிச்சரிவுக்கு: முதல் ஸ்னோபோர்டு பயணத்திற்கு ஆயத்தமாவது எப்படி

மார்கழி விடியலில் வாசற்கோலத்தை நனைக்கும் பனியைத் தவிர வேறு பனியை அறியாத கடலூர்க்காரரோ புதுச்சேரிக்காரரோ இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டைக் கற்கப் புறப்படும்போது, அவருடைய கவலையெல்லாம் குளிரைப் பற்றியதாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதமாகக் கம்பளி ஆடைகளைத் தேடித் தேடி வாங்கிய நான், எப்படி விழுவது என்பதைக் கற்காமலே போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் மதியத்திற்குள் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மீதி நாள்களில் பாதியை விடுதியின் சன்னலோரம் அமர்ந்து பிறர் சறுக்குவதைப் பார்த்தே கழித்தேன். ஆகவே இக்குறிப்பில் உடையைவிடக் கால்களுக்கும் விழுதலுக்கும் கூடுதல் இடம் தந்திருக்கிறேன். அவற்றுக்கான பயிற்சியை, பனியே விழாத நம் ஊரிலேயே முடித்துவிட்டுப் போகலாம்.

இந்தியாவில் புதியவர்களுக்கு நான் சொல்லும் இடம் காஷ்மீரின் குல்மார்க். உத்தராகண்டின் ஔலியும் உண்டு. ஆனால் இவ்வளவு தொலைவு போகிறவருக்குப் பனியின் அளவில் குல்மார்க்கே நம்பத்தக்கது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் புல்வெளியின் மென்சரிவுகள் பனிக்காலத்தில் பயிற்சித் திடலாகிவிடுகின்றன. பயிற்றுநர்களும் வாடகைக் கருவிகளும் அங்கேயே கிடைப்பதோடு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும் அங்குதான் உள்ளது. டிசம்பர் 21 அன்று தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். அது முடிந்து, விழுந்த பனி நன்றாகப் படிந்திருக்கும் பிப்ரவரி முதற்பாதியே நமக்கு உகந்தது. டிசம்பரில் புறப்படத் திட்டமிடுவதை நான் ஆதரிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின் வால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது; 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறியதைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியில் குறைந்தது ஐந்து நாளாவது இருக்குமாறு பயணத்தை அமையுங்கள். இரண்டு நாள் மட்டும் போகிறவர், விழுந்து எழுந்ததை மட்டுமே நினைவாகக் கொண்டு திரும்புவார்.

சென்னையிலிருந்து பெரும்பாலும் தில்லியில் மாறி ஸ்ரீநகருக்கு விமானத்தில் செல்லலாம். ரயிலை விரும்புவோர் ஜம்முப் பகுதியிலுள்ள கட்ரா வரை சென்று, 2025 ஜூன் மாதம் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில், ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து ஸ்ரீநகரை அடையலாம். அங்கிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தங்மார்க் என்னும் ஊருக்குப் பிறகு வரும் மலைப்பாதையில், பனி கொட்டியிருக்கும் நாள்களில் சக்கரத்திற்குச் சங்கிலி பூட்டிய வண்டிகளே ஏறும். பனிப்பொழிவால் விமானங்கள் ரத்தாவது வழக்கம் என்பதால், திரும்பும் பக்கத்தில் ஒரு நாளை வெறுமனே விட்டுவையுங்கள். வெளி மாநிலத்து பிரீபெய்டு சிம் அட்டைகள் ஜம்மு காஷ்மீரில் இயங்காது; போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றையாவது குழுவில் ஒருவர் வைத்திருக்க வேண்டும்.

இனி உடல். ஸ்னோபோர்டில் நிற்பவர் மணிக்கணக்கில் முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே இருக்கிறார். அந்தப் பாரம் முழுவதையும் தொடையின் முன்தசை தாங்குகிறது. பயணத்திற்குப் பத்து வாரம் முன்பே இதற்கான பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமே இதற்கு முதல் பாடம்: இறங்கும்போது மனத்துக்குள் நான்கு வரை எண்ணி மெதுவாக இறங்கி, சாதாரண வேகத்தில் எழுந்து, ஒரு வேளைக்குப் பதினைந்து வீதம் மூன்று வேளை, வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும். அதன்பின் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் அமர்வதுபோல் இருக்கப் பழகுங்கள். முதல் வாரம் அரை நிமிடம் தாங்கினால், புறப்படுமுன் ஒன்றரை நிமிடம் தாங்க வேண்டும். படி ஏறுவதைவிட இறங்குவதே நமக்கு வேண்டிய பயிற்சி. திருவந்திபுரத்து ஔஷதகிரியின் 74 படிகளை ஹயக்ரீவரைத் தரிசித்துவிட்டு நிதானமாக இறங்கிப் பாருங்கள். மாதம் ஒருமுறை செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் ஏறி இறங்கினால் மறுநாள் தொடை சொல்லும் செய்தி இன்னும் தெளிவாக இருக்கும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் உலர்ந்த மணலில் நடப்பது கணுக்காலுக்கு நல்லது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் நடை மூச்சுக்கு நல்லதே என்றாலும், சமதளமான அந்தச் சாலை கணுக்காலுக்கு எதையும் கற்பிப்பதில்லை.

சமநிலைக்கு ஒரு செலவில்லாத வழி உண்டு. இரண்டரை அடி நீளமுள்ள உறுதியான பலகையின் அடியில் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டை அறைந்து, நான்கங்குலத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றின்மீது அதை வைத்து, சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று பழகலாம். கோட்டக்குப்பத்தை அடுத்த செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்றவர்களுக்கு இது தேவைப்படாது. ஸ்னோபோர்டே அலைச்சறுக்கின் வழிவந்ததுதான்: 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்ததிலிருந்து வளர்ந்து, 1998 நாகானோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்த விளையாட்டு இது. ஆனால் அலைப்பலகையில் கால் விடுதலையாக இருக்கும். இதில் இரண்டு கால்களும் பூட்டப்பட்டிருக்கும். அலைச்சறுக்கர்களும் முதல் நாள் விழுவது இதனால்தான்.

எந்தக் கால் முன்னே வர வேண்டும் என்பதை ஊரிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எதிர்பாராத நேரத்தில் வீட்டார் ஒருவர் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால், தடுமாறி எந்தக் காலை முன்வைக்கிறீர்களோ அதுவே பெரும்பாலும் உங்கள் முன்கால். இடக்கால் முன்னே வருபவரை ரெகுலர் என்றும், வலக்கால் வருபவரை கூஃபி என்றும் கடைக்காரர்கள் குறிப்பார்கள். அதற்கேற்பத்தான் பலகையில் பூட்ஸைப் பூட்டும் பைண்டிங்கைப் பொருத்துவார்கள்.

விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. அந்த இயல்பினால்தான் ஸ்னோபோர்டு கற்போரிடையே மணிக்கட்டுக் காயமே மிகுதியாக நேர்கிறது. முன்புறம் விழுந்தால் விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு விழ வேண்டும். பின்புறம் விழுந்தால் மோவாயை மார்போடு ஒட்டி, உட்காருவதுபோல் தாழ்ந்து, கைகளை மார்புக்கு முன் வைத்துக்கொண்டு முதுகில் உருள வேண்டும். இதை முதலில் மெத்தையில், பிறகு மணலில், நாளுக்கு இருபது முறை பழகினால் உடல் தானாகவே செய்யத் தொடங்கும். இரண்டாம் பயணத்திற்கு முன் வெள்ளிக் கடற்கரையில் நான் இப்படி விழுந்துகொண்டிருந்தபோது, வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து, “மயக்கமா தம்பி, தண்ணி வேணுமா?” என்று கேட்டார். கேட்கட்டும், பழகுங்கள். அத்துடன் ஸ்கேட்டிங் பொருள்கள் விற்கும் கடையில் மணிக்கட்டுக் காப்பு ஒரு இணை வாங்கி, அதன்மேல் கையுறை நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வால் எலும்புக்கு மெத்தை வைத்த உள்காற்சட்டையும் கிடைக்கிறது. அதை வாங்க வெட்கப்படாதீர்கள்.

உடை விஷயத்தில், குளிரைவிட ஈரத்தையே அஞ்ச வேண்டும். கற்பவர் நாள் முழுவதும் பனியில் அமர்ந்தெழுவதால் வெளியிலிருந்தும், பலகையோடு மல்லுக்கட்டி வியர்ப்பதால் உள்ளிருந்தும் நனைகிறார். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் நம் வழக்கமான பனியனுக்குப் பனியில் இடமில்லை. உடலை ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீர்புகாத சட்டையும் காற்சட்டையும் என மூன்று அடுக்கு போதும். ஊட்டிக்கென்று வாங்கிய ஸ்வெட்டரையும் மங்கிக் குல்லாவையும் மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலுறை ஒன்றே ஒன்று, முழங்கால் வரை, கம்பளி கலந்ததாக இருக்கட்டும். இரண்டு காலுறை அணிந்தால் சுருக்கம் விழுந்து கொப்புளம் வரும், இரத்த ஓட்டமும் குறைந்து கால் மேலும் குளிரும். கையுறை மட்டும் இரண்டு இணை.

வெயிலை நாம் நன்கறிவோம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக்கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனியோ 80 விழுக்காடு வரை அனுப்புகிறது. மேகமூட்டமான நாளிலும் காகிள்ஸ் என்னும் பனிக்கண்ணாடி அணிந்து, மூக்கின் அடிப்புறம் உட்பட சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

பலகையையும் பூட்ஸையும் ஹெல்மெட்டையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். நிமிர்த்தி நிறுத்தினால் உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே முடியும், எளிதில் வளையும் மென்பலகையைக் கேளுங்கள். பலகை சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், பூட்ஸ் சுமாராக இருந்தால் முடியாது. பூட்டிய பின் முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலெழுந்தால், கடைக்காரர் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் வேறு இணை கேட்டு வாங்குங்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் ரப்பர் பூட்ஸும் நீண்ட மேலங்கியும் படம் எடுத்துக்கொள்ள மட்டுமே உதவும்.

குல்மார்க்கில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. சென்றடைந்த நாளில் ஓய்வெடுங்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும். தோப்புக்கரணம் போட்டு வளர்த்த தொடை இதற்கு உதவாது. உடல் வலிமை, உயரத்தால் வரும் இந்த மலைநோயைத் தடுப்பதில்லை. புதுச்சேரிப் பாட்டில் குளிருக்கு இதம் என்று யாராவது பையில் வைத்தால் எடுத்து வெளியே வையுங்கள்: மது, தோலுக்கு வெப்பத்தை அனுப்பி உடலின் உட்சூட்டைக் குறைப்பதோடு, மலைநோயின் அறிகுறிகளையும் மறைத்துவிடும். சோற்றுக்குக் கவலை வேண்டாம். காஷ்மீரிகளும் நம்மைப்போல் சோறு உண்பவர்களே.

முதல் நாள் ஒரு காலை மட்டும் பூட்டிக்கொண்டு சமதளத்தில் உந்திச் செல்லவும், பிறகு இரு கால்களையும் பூட்டி, பலகையைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, குதிகால் பக்க விளிம்பில் மெல்ல வழுக்கி இறங்கவும் பயிற்றுநர் கற்றுத்தருவார். ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள்: பனியைக் கடிக்க வேண்டியது எப்போதும் மேட்டுப்பக்கத்து விளிம்பே. பள்ளத்துப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் பலகை நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். புதியவர்களின் பலத்த விழுகைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நேர்கின்றன. திருப்பங்கள் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வரும். அவசரப்பட்டு கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறி, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரமுள்ள அஃபர்வத் நிலையத்திலிருந்து பலகையோடு இறங்க முயல வேண்டாம். அப்பக்கத்துப் பராமரிக்கப்படாத சரிவுகளில் 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் சரிந்து விழுந்த பனித்திரள்கள், அனுபவமுள்ள வெளிநாட்டுச் சறுக்கர்களின் உயிரையே பறித்தன. பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பல காப்பீடுகள் அதை விலக்கியே வைத்திருக்கின்றன.

மாலை அறைக்குத் திரும்பியதும், தேநீருக்கு முன் பூட்ஸின் உள்ளுறையை உருவி எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். கையுறைகளை புகாரி என்னும் விறகடுப்புக்கு இரண்டு முழம் தள்ளித் தொங்கவிடுங்கள். அடுப்பின்மேலேயே போட்டு உருக்கிவிட்டால், இரண்டாவது இணை காலையில் கைகொடுக்கும்.