பழைய டிரெய்லரின் கழிவுத் தொட்டி: பசையைத் தொடுவதற்கு முன்

சென்ற மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 1970களில் செய்த பயண டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றின் அடியில் ஓர் இளம் தம்பதி படுத்துக் கிடந்தார்கள். கழிவுத் தொட்டியில் விரிசல். கணவர் கையில் எபாக்சி பசை, மனைவி கையில் உப்புத்தாள். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் படுத்துக் கிடந்தேன்.

கையுறை, முகமூடி, தொட்டியைக் கழுவிவிட்டுக் கை வைப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்குத் தெரியாமல் போனவற்றை மட்டும் சொல்கிறேன்.

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் ஒட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கழிவறைக் கழிவு சேரும் தொட்டியைக் கறுப்புத் தொட்டி என்பார்கள். என் வண்டியில் அதன் வெளிவாய் அருகே நான்கு அங்குல விரிசல். உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சியை இரண்டு முறை தடவி, ஒரு நாள் உலரவிட்டேன். நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மனநிறைவோடு வண்டியின் அடிப்பக்கத்தை மூடும் அடித்தகட்டை மாட்டி ரிவெட் அடித்து மூடினேன்.

அடுத்த பயணத்தில், நிறைந்த தொட்டியோடு இருநூறு மைல் ஓடிய பிறகு, பசை முழுவதும் ஒரே தகடாகப் பெயர்ந்து வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த பக்கம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. தொட்டியின் ஒரு துணுக்குகூட அதில் இல்லை. அது எந்தக் காலத்திலும் ஒட்டவே இல்லை, சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. கசிந்தது வெளியே போக வழியில்லாமல் அடித்தகட்டுக்குள்ளேயே தேங்கி, வெப்பக்காப்புப் பஞ்சில் ஊறி, தரையின் பிளைவுட்டில் ஏறியது. பின்கழிவறைத் தரையை முழுவதும் பெயர்த்து மாற்ற ஓர் இலையுதிர்காலமே போயிற்று. புதுத் தொட்டியின் விலையைப் போல் பல மடங்கு செலவு.

என் தொட்டி பாலிஎத்திலீன். சாதாரண எபாக்சி, சிலிக்கான், குழாய்ப் பசை எதுவும் அதில் நிலைக்காது. பழைய வண்டிகளில் ஏபிஎஸ் (ABS) என்ற வேறொரு பிளாஸ்டிக் தொட்டிகளும் உண்டு. அவற்றுக்கு வைத்தியமே வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தொட்டியின் விளிம்பிலிருந்து கத்தியால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மெல்லிய சீவல் நீரின் மேற்பரப்பிலேயே தங்கி ஏமாற்றும். விரலால் அழுத்தி முழுவதும் நனையவிடுங்கள். மறுபடி மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன். அடியில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஏபிஎஸ். சந்தேகம் இருந்தால் ஒரு துளி அசிட்டோன் வையுங்கள். ஏபிஎஸ் இளகிப் பிசுபிசுக்கும், பாலிஎத்திலீனில் ஒன்றும் நடக்காது.

ஏபிஎஸ் என்றால் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு ஏபிஎஸ் தகட்டுத் துண்டு ஒன்றை அதற்கென்றே விற்கும் ஏபிஎஸ் பசையால் ஒட்டினால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். பாலிஎத்திலீன் என்றால் அதே பிளாஸ்டிக் குச்சியை வெப்பக்காற்றால் உருக்கி வெல்டிங் செய்யவேண்டும். ஐம்பது ஆண்டு ஆகி மொறுமொறுப்பாகிவிட்ட தொட்டியில் அந்த வெல்டிங்கும் பக்கத்திலேயே புது விரிசலைக் கிளப்பும். அதை மாற்றிவிடுவதே மேல்.

இரண்டு வாளித் தண்ணீரை நம்புவது

40 கேலன் தொட்டி நிறைந்தால் உள்ளே ஏறத்தாழ 150 கிலோ. விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு முழுவதும் விடுங்கள். அடித்தகட்டைக் காலையில் மூடலாம்.

விரிசலை மட்டும் பார்த்து, தாங்கியைப் பார்க்காதது

தொட்டி காரணமில்லாமல் விரிசல் விடுவதில்லை. தாங்கும் பட்டை துருப்பிடித்துத் தொய்ந்திருக்கும், அல்லது ஒரு மூலை அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் 150 கிலோவும் அந்த மூலையைப் பிடித்து இழுக்கிறது. என் வண்டியில் வெளிவாய்க்கு மேலிருந்த பட்டை என் விரலுக்கே ஒடிந்து வந்தது. அதைச் சரிசெய்யாமல் புதுத் தொட்டி போட்டிருந்தால் அதுவும் அதே இடத்தில் கிழிந்திருக்கும்.

பழைய தொட்டியைக் கழற்றாமலே புதியதை வாங்குவது

வெளியிலிருந்து எடுத்த அளவு பொய் சொல்லும். கழற்றுங்கள், வண்டிச் சட்டத்தின் இரும்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளங்கள், வெளிவாய் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று வரைந்துகொள்ளுங்கள். தொட்டி விற்பவரிடமே இணைப்பு வாய்களை உருக்கிப் பொருத்தி வாங்குங்கள். குழாய்ச் சரிவு அடிக்குக் கால் அங்குலம்.

கழிவைத் திறந்துவிடும் பழைய வால்வையே மாட்டுவது

வேண்டாம்.

காற்றுக்குழாயை ஆழமாக இறக்குவது

கூரைக்குப் போகும் காற்றுக்குழாயின் கீழ்முனை தொட்டியின் மேற்தளத்தோடு நிற்கவேண்டும். அது கழிவுக்குள் மூழ்கினால் வாயு கூரைக்குப் போகாது. கழிவறையை மிதித்துத் திறக்கும்போதெல்லாம் வண்டிக்குள் வரும்.

அந்தத் தம்பதியின் சீவல் மிதந்தது. எபாக்சியை மூடி வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தார்கள்.