ஓடும்போது நின்றுவிடும் பழைய பிக்கப் இன்ஜின்: கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி?

எப்போதாவது ஒருமுறை நின்று, சிறிது நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும் இன்ஜினில் கோளாறு தேடுவது சிரமம். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது வண்டி நன்றாகவே ஓடும். பிறகு ஊகத்தில் பம்ப், காயில், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பணம் கரையும், வண்டி மறுபடியும் நிற்கும். இன்ஜின் நின்றுகிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் எது வரவில்லை, கரண்டா, பெட்ரோலா, சிக்னலா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே சொல்வது 1980, 90களின் பெட்ரோல் பிக்கப்புகளுக்கு. டீசலுக்கு வழி வேறு.

ஸ்பேனரை எடுக்கும் முன், வண்டி எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றால் பெட்ரோல் போதவில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்தால் ஸ்லோ (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தொடர்பான கோளாறு. நன்றாகச் சூடான பிறகே நின்று, இருபது முப்பது நிமிடம் ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், சூட்டில் செயலிழக்கும் மின்னணு உறுப்பு ஒன்று இருக்கிறது. ஆர்பிஎம் முள் இருந்தால் அதையும் பாருங்கள். கியரில் வண்டி உருண்டு இன்ஜினும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இக்னிஷன் சிக்னலே அறுந்துவிட்டது. மாட்யூல் (காயிலை இயக்கும் மின்னணுப் பெட்டி), பிக்கப் காயில் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து அதற்குச் சிக்னல் தரும் சுருள்), கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்வது) ஆகியவற்றின் பக்கம் போகலாம்.

ஓடும்போது நின்றால் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும். பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாக இறுகும். சாவியை லாக் வரை திருப்பாமல், ஒரே அழுத்தில் பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள். சோதனை ஓட்டங்களை நெரிசல் இல்லாத சாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பல்பு

இந்த வேலைக்கு மிக உதவும் கருவி இரண்டு சின்ன 12 வோல்ட் பல்புகள்தான். முதல் பல்புக்கு இக்னிஷன் காயிலின் பிளஸ் முனையிலிருந்தும், இரண்டாவதற்கு பம்ப் ரிலேயைத் தாண்டி டேங்குக்குப் போகும் வயரிலிருந்தும் இணைப்பு எடுங்கள். இரண்டிலும் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். மறுமுனைகளை பாடியில் எர்த் செய்து, பல்புகளை டேஷ்போர்டில் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள்.

இரண்டும் ஒன்றாக அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி முனை, ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ்போல உருகும் வயர்) ஆகியவற்றைப் பாருங்கள். கனமான சாவிக்கொத்து தொங்கித் தேய்ந்த சுவிட்ச் சாவியை லேசாக ஆட்டினாலே காட்டிக்கொடுக்கும். காயில் பல்பு எரிந்து, பம்ப் பல்பு மட்டும் இன்ஜின் நிற்பதற்கு முன்பே அணைந்தால் ரிலே, அதன் சாக்கெட், வயரிங். ஃபோர்டில், வண்டி மோதினால் பம்பை அணைக்கும் இனர்ஷியா சுவிட்சும் உண்டு. ஹார்ன் ரிலே அதே வகையாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

இதில் ஏமாற ஓர் இடம் இருக்கிறது. பல வண்டிகளில் இன்ஜின் சுற்றும் சிக்னல் நின்றதும் சுமார் 2 விநாடியில் கம்ப்யூட்டரே பம்பை அணைத்துவிடும். இன்ஜின் நின்ற பிறகு பம்ப் பல்பு அணைந்தால் அது பம்பின் குற்றம் அல்ல. எது முதலில் அணைந்தது என்பதுதான் முக்கியம். நல்ல பம்புகள் பல வீணாகக் கழற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

நின்ற உடனே

இன்ஜின் நிற்கும்வரை இரண்டு பல்புகளும் எரிந்தால், வண்டி ஆறுவதற்குள் இரண்டு சோதனை செய்ய வேண்டும். ஸ்பார்க் டெஸ்டரும் பிரஷர் கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும். டெஸ்டரை பிளக் வயரில் மாட்டி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சத்தத்தோடு பொறி வந்தால் இக்னிஷன் சரி. பிறகு கேஜை மாட்டிப் பெட்ரோல் அழுத்தம் பாருங்கள். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளின் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனில் 9 முதல் 13 பிஎஸ்ஐ இருந்தால் போதும். 1996 முதல் வந்த ஜிஎம்மின் வோர்டெக் வி8 இன்ஜினுக்கோ, இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 60 முதல் 66 வேண்டும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் தகராறு செய்யும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணே கணக்கு. பொறியும் அழுத்தமும் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், இன்ஜெக்டர் கனெக்டரில் நாய்டு லைட் (இன்ஜெக்டருக்குச் சிக்னல் வரும்போது மின்னும் சோதனை விளக்கு) மாட்டிப் பாருங்கள். அது மின்னாவிட்டால் கம்ப்யூட்டருக்கு வரும் சப்ளை, எர்த், அங்கிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் வயர் என்று தேடல் நகர வேண்டும்.

பொறி இல்லையென்றால்

ஃபோர்டில் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் மாட்டப்பட்ட டிஎஃப்ஐ (ஃபோர்டின் இக்னிஷன் வகை) மாட்யூலும், ஜிஎம் எச்இஐ (ஜிஎம்மின் இக்னிஷன் வகை) டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கும் மாட்யூலும் சூட்டில் செத்துப் பிழைப்பதில் பேர்போனவை. சந்தேகத்தை உறுதிசெய்ய, ஸ்லோவில் ஓடும்போது மாட்யூலை ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். நின்றுபோய், குளிரவைத்ததும் மறுபடி ஓடினால் குற்றவாளி அதுதான். புதியதை மாட்டும்போது அடிப்பக்கம் முழுக்க வெப்பம் கடத்தும் சிலிக்கான் பேஸ்ட் பூசுவது கட்டாயம். பூசாமல் மாட்டிய மாட்யூல் சீக்கிரமே வெந்துவிடும். டிஎஃப்ஐ திருகுகளுக்குச் சுவர் மெல்லிய 5.5 மி.மீ. சாக்கெட் வேண்டும்.

மாட்யூலை மாற்றும் முன் பிக்கப் காயிலையும் அளந்துவிடுங்கள். எச்இஐயில் 500 முதல் 1500 ஓமுக்குள் இருக்க வேண்டும். எண்ணைவிட, வயரை விரலால் வளைக்கும்போது அளவு தாவுகிறதா என்பதே முக்கியம். பொறி வரும் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் தட்டு அசைந்து அசைந்து, வெளியே உறை நன்றாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும். பழைய கிரைஸ்லர் வகைகளில் செல்ஃப் அடிக்கும்போது பற்றி, சாவியை விட்டதும் அணைந்தால், காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

பெட்ரோல் பக்கம்

அழுத்தம் விழும்போது டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பம்ப் உயிர்பெற்றால் அதன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன. ஆனாலும் பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் வோல்டேஜ் பார்க்காமல் புதிய பம்ப் வாங்காதீர்கள். பேட்டரி வோல்டேஜைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங் கோளாறு. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் சேஸியில் துருப்பிடித்த எர்த் முனையைச் சுரண்டி முறுக்குங்கள்.

வேகமாக ஓடியபின் திணறி நின்று, பத்து நிமிடத்தில் சரியாகிறதா? டேங்குக்குள் உறிஞ்சு வலையில் அழுக்கு ஒட்டி, நின்றதும் கீழே விழுகிறது. டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உஸ்ஸென்று உள்ளே இழுத்தால் வென்ட் (டேங்குக்குக் காற்று புகும் வழி) அடைப்பு. ஃபில்டரைக் கழற்றி, உள்வரும் முனை வழியாகப் பின்னோக்கி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடியுங்கள். துரு விழுந்தால் டேங்கையும் கழுவ வேண்டும். பெட்ரோல் லைனைத் திறக்கும் முன் அழுத்தத்தை இறக்குங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்லோவில் மட்டும் அணைந்தால்

இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டிய வேக்கம் கேஜில் சூடான இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) அசையாமல் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் வெடித்த ஹோஸ், மூடாத இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது). இஜிஆருக்கு அடியில் தற்காலிகமாக மெல்லிய தகடு வைத்து மூடிப் பாருங்கள். ஸ்லோ நேரானால் வால்வில் கரி சிக்கியிருக்கிறது. வேக்கம் சரியென்றால் த்ராட்டில் பாடியையும் ஐஏசி வால்வையும் (ஸ்லோவில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது) கிளீனரால் கழுவுங்கள். ஜிஎம் வகையில் ஐஏசியின் ஊசி 28 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும்போது மாட்டினால் வால்வு கெட்டுப்போகும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி நெடுந்தூரம் ஓடியபின் பிரேக் பிடித்து நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காமல் நிறுத்தியதுபோல உலுக்கி அணைந்தால் இன்ஜினைக் குடைய வேண்டாம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் டார்க் கன்வெர்ட்டர் லாக்கப் விடுபடவில்லை. கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள லாக்கப் கனெக்டரைக் கழற்றி ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் பிரேக் சுவிட்ச் அல்லது வயரிங். மறையாவிட்டால் உள்ளே சொலினாய்டு சிக்கியிருக்கிறது. சோதனை முடிந்ததும் கனெக்டரை மறக்காமல் மாட்டுங்கள். லாக்கப் இல்லாமல் நெடுந்தூரம் ஓட்டினால் கியர் ஆயில் சூடேறும்.